மூன்று ஜோடி ஷூவும் ஒரு சுண்டுவிரலும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்க்கிறேன். கழுத்தில் இன்ச் டேப் தொங்காத நாள் கிடையாது. நெஞ்சளவு ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருந்தால் பீஸை எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவேன், டெய்லர் எவ்வளவு முறைத்தாலும் சரி. அப்படிப்பட்டவன் தன் காலுக்கு ஒரு ஷூ வாங்கத் தெரியாமல் பதினான்கு மாதத்தில் 27,699 ரூபாயைக் கரைத்தேன். இரண்டு கால் நகங்கள் கறுத்து உதிர்ந்தன. நான்கு மாதம் ஓடாமல் வீட்டில் கிடந்தேன். தொகை இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், என் மனைவி அதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

ஓட ஆரம்பித்த கதை சின்னது. நாற்பத்து நான்கு வயதில் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, சர்க்கரை வாசற்படியில் நிற்கிறது என்றார் மருத்துவர். மறுநாள் விடிகாலை ஐந்தரைக்குச் சிக்கண்ணா கல்லூரி மைதானத்துக்குப் போய்விட்டேன். முதலில் நடை, பிறகு நடையும் ஓட்டமும், மூன்றாவது மாதம் நிற்காமல் ஐந்து கிலோமீட்டர். அதுவரை காலில் கிடந்தது மகன் கல்லூரிக்குப் போட்டுப் பழசாக்கிய கேன்வாஸ் ஷூ. வலது காலில் சுண்டுவிரல் பக்கம் தையல் விட்டு இரண்டு அங்குலத்துக்குக் கிழிந்திருந்தது. அதைப் போட்டு ஓடிய மூன்று மாதமும் எனக்கு ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கிழிந்த ஷூவோடு ஓடுகிறோமே, நான்கு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்தான் பெரிதாக இருந்தது.

முதல் ஜோடியைத் தள்ளுபடியில் வாங்கினேன். 3,400 ரூபாய். பெயர் பெற்ற கம்பெனிதான். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அவர்கள் ஷூவில் ஒரு குறையும் இல்லை. குறை வாங்கியவனிடம். ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, மெல்லிய ஆபீஸ் சாக்ஸோடு போனேன். வேலைக்குப் போடும் தோல் ஷூ எட்டாம் நம்பர், அதனால் இதுவும் எட்டு. போட்டுப் பார்த்தால் சிக்கென்று பிடித்தது. ‘நன்றாக ஃபிட்டாக இருக்கிறது’ என்று மகிழ்ந்தேன். மூன்று வாரத்தில் இரண்டு கால்களிலும் கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலின் நகம் நாவல்பழ நிறத்துக்கு மாறியது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் பாதம் சற்று முன்னால் நகரும். அரை மணி நேரத்தில் ரத்தம் இறங்கிப் பாதம் கொஞ்சம் உப்பவும் செய்யும். முன்னால் இடம் இல்லையென்றால் நகம் ஷூவின் முகப்பில் இடித்து இடித்து உள்ளே ரத்தம் கட்டிவிடும். எனக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம் என்பதே அந்த நகம் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

இதைப் படிக்கும் நீங்களாவது காலையில் ஷூ வாங்கப் போகாதீர்கள். நாள் முழுக்க நின்று, நடந்து, பாதம் விரிந்திருக்கும் மாலை நேரத்தில் போங்கள். ஓடும்போது போடும் அதே சாக்ஸைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். எழுந்து நின்ற நிலையில், மிக நீளமான விரலுக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு அழுத்திப் பார்ப்பது கணக்கில் சேராது. சாக்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பருத்தியில் பிழைக்கும் ஊர்க்காரன் இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் ஓட்டத்துக்குச் சுத்தப் பருத்தி சாக்ஸ் வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு தோலை ஊற வைக்கும், ஊறிய தோல் உரசினால் கொப்புளம். பாலியஸ்டரோ நைலானோ கலந்தது போதும்.

நம்பர் விஷயத்தில் நான் செய்தது என் தொழிலுக்கே அவமானம். எங்களிடம் துணி வாங்கும் பையர் ஒருவருக்கு மீடியம் என்பது அடுத்த பையருக்கு ஸ்மால் என்று தினமும் பார்க்கிறவன் நான். லேபிளை நம்பாதே, மெஷர்மென்ட் சார்ட்டைப் பார் என்று புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே என் வேலை. ஷூவிலும் அதே கதைதான். யூ.கே. 8 என்பது நைக்கியின் அட்டவணையில் 27 சென்டிமீட்டர், அடிடாஸின் அட்டவணையில் 26.5. அரை சென்டிமீட்டர் வித்தியாசம் நகத்துக்குப் பெரிய விஷயம். பெட்டியின் மேலும் ஷூ நாக்கின் உள்பக்கமும் சென்டிமீட்டர் கணக்கு அச்சிட்டிருப்பார்கள். நான் அதைப் படிக்கவே இல்லை.

இரண்டாவது ஜோடிக்குக் கோயம்புத்தூர் போனேன். கண்ணாடித் தட்டின் மேல் ஏற்றி நிற்க வைத்துப் பாதத்தைப் படம் எடுக்கும் இயந்திரம் இருந்த கடை. திரையில் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக என் பாதம் தெரிந்தது. கடைத் தம்பி மருத்துவர் குரலில், “அண்ணா, உங்களுக்குத் தட்டைப் பாதம், கால் உள்பக்கம் சாய்கிறது, சாய்வைத் தாங்குகிற ஷூதான் போட வேண்டும்” என்றார். படத்தைப் பார்த்ததும் பாதி நோயாளியாகிவிட்டேன். அவர் கொடுத்த எட்டாம் நம்பர் பக்கவாட்டில் இறுக்கியது. எட்டரையும் இறுக்கியது. ஒன்பதில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. 7,999 ரூபாய் கட்டிவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நம்பரில் நகம் இடிக்கவில்லை, சரி. ஆனால் குதிகால் ஒவ்வொரு அடிக்கும் ஷூவை விட்டு எழும்பி எழும்பி இறங்கியது. ஷூ கழன்றுவிடாமல் இருக்க, எனக்கே தெரியாமல் விரல்களை உள்ளே மடக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். கெண்டைச் சதை மாலை வரை இறுகிக் கிடக்கும். இறுக்கிக் கட்டினால் புறங்கால் மரத்துப்போகும். அதற்குமேல், பக்கவாட்டு இறுக்கமும் முழுதாகப் போகவில்லை. இதன் காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. ஒரு யூ.கே. நம்பர் கூட்டினால் நீளம் மூன்றில் ஒரு பங்கு அங்குலம், அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் கூடுகிறது. அகலம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். அகலத்துக்காக நீளத்தைக் கூட்டுவது, இடுப்பு இறுக்குகிறது என்பதற்காகக் கால் நீளமான பேன்ட் வாங்குவதைப் போன்றது.

இந்த நேரத்தில்தான் மைதானத்தில் ஓர் ஓட்டக் குழுவோடு சேர்ந்தேன். நல்ல மனிதர்கள், இன்றைக்கும் அவர்களோடுதான் ஓடுகிறேன். ஆனால் ஓட்டக்காரர்கள் கூடினால் ஓட்டத்தைவிட ஷூவைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே 2019-இல் வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தை ஓடியது, 2017-இல் நைக்கி விற்பனைக்குக் கொண்டுவந்த கார்பன் தகடு வைத்த ஷூவுக்குப் பிறகு எல்லாக் கம்பெனிகளும் அதையே செய்யத் தொடங்கியது என்று தினமும் ஒரு பாடம் நடக்கும். கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்தது. டிசம்பரில் கோவை மாரத்தானின் 21 கிலோமீட்டருக்கு 1,100 ரூபாய் கட்டிப் பெயரும் கொடுத்திருந்தேன். ஒருவர் ஒரே ஒரு பந்தயத்துக்குப் போட்ட கார்பன் ஷூவை 9,500-க்குத் தருவதாகச் சொன்னார், வாங்கிவிட்டேன். போட்டால் ஸ்பிரிங் வைத்ததுபோலத் துள்ளியது. அந்தத் துள்ளலில் மயங்கி, பந்தயத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டிய ஷூவைத் தினசரிப் பயிற்சிக்கே போட்டேன். அதே மாதத்தில் வாரத்துக்கு 18 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்ததை 40-க்கும் ஏற்றினேன். எல்லாப் பழியையும் ஷூ மேல் போட்டுவிட முடியாது என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

ஐந்தாவது வாரம் ஒரு காலை, கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தபோது இடது குதிகாலில் நெருஞ்சி முள் ஏறியதுபோல் ஒரு குத்தல். பத்து அடி நடந்தால் குறையும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் குத்தும். ஒரு வாரம் சமாளித்தேன். செக்கிங் டேபிள் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிற வேலையில் எவ்வளவு நாள் சமாளிக்க முடியும்? மருத்துவருக்கும் எக்ஸ்ரேக்கும் 1,200, பிறகு பிசியோதெரபி பத்துத் தடவை, தடவைக்கு 450. குதிகாலிலிருந்து விரல் வரை ஓடும் தசைநார்ப் பட்டை புண்பட்டிருக்கிறது, ஓட்டத்தை நிறுத்துங்கள் என்றார்கள். மாரத்தான் அன்று காலை ஆறு மணிக்கு நான் ஹாலில் உட்கார்ந்து, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்டிக்கொண்டிருந்தேன். மனைவி காபியை வைத்துவிட்டு, “ஏனுங்க, அந்த ஆயிரத்து நூறையும் எழுதிக்கொள்ளட்டுங்களா?” என்றார்.

என்னைத் திருத்தியவர் அந்தப் பிசியோதெரபிஸ்ட். மூன்றாவது தடவை போனபோது, ஓடிய ஷூக்களை எல்லாம் எடுத்து வரச் சொன்னார். மூன்று ஜோடியையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோனேன். அவர் எந்தக் கம்பெனி என்று பார்க்கவே இல்லை. உள்ளே கையை விட்டு, பாதத்துக்கு அடியில் கிடக்கும் மெத்தைத் தகடான இன்சோல்களை உருவித் தரையில் வரிசையாக வைத்து, அதன் மேல் வெறுங்காலோடு நிற்கச் சொன்னார். நின்று குனிந்து பார்த்தேன். முதல் இன்சோலில் சுண்டுவிரல் முழுவதுமாக விளிம்புக்கு வெளியே, தரையில் இருந்தது. இரண்டாவதில் பாதி விரல் வெளியே. கார்பன் ஷூவின் இன்சோலில் சுண்டுவிரலோடு பாதத்தின் பக்கச் சதையும் வெளியே வழிந்து கிடந்தது. அந்த ஷூவை எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினார். வலைத்துணியில் சுண்டுவிரல் படும் இடத்தில் நூல் விலகி, அரிசி அளவு ஓட்டை விழ ஆரம்பித்திருந்தது. “கம்பெனி பிரச்சினை இல்லைங்க. உங்கள் பாதம் அகலம். அகலத்தை யாரும் அளக்கவில்லை” என்றார்.

எனக்கு அந்தக் கிழிந்த கேன்வாஸ் ஷூ ஞாபகம் வந்தது. அது கிழிந்திருந்ததால்தான் பொருந்தியிருக்கிறது.

தட்டைப் பாதம் என்று படம் எடுத்தார்களே என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அமெரிக்கத் தரைப்படையிலும் விமானப்படையிலும் மரைன் படையிலும் பயிற்சி வீரர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள், மற்றதற்குப் பார்க்காமல் ஒரே வகையைக் கொடுத்தார்கள், காயம்படுவதில் சொல்லத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை என்று 2009, 2010-இல் முடிவுகள் வந்துவிட்டன என்றார். கனடாவில் கால்கரிப் பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் என்ற பேராசிரியர் 2015-இல் சொன்ன யோசனையையும் விளக்கினார்: போட்டு ஓடிப் பார்க்கும்போது உங்கள் காலுக்கு எது சுகமாக இருக்கிறதோ அதை எடுங்கள், உடம்பு தனக்கு ஒத்துவருவதைத் தானே தேர்ந்தெடுக்கிறது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் சுகம் என்றால் என்னவென்றே தெரியாதவனாகத்தானே நான் இருந்தேன்? இறுக்கத்தை ஃபிட் என்று நினைத்தவன் ஆயிற்றே.

அன்று இரவு வீட்டுக்கு வந்து, மகனின் பழைய ரெக்கார்டு நோட்டுத் தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் வைத்து, குதிகாலைச் சுவரில் பதித்து நின்றேன். மனைவி பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரைந்தார். பென்சிலைச் சாய்த்தால் அளவு கெட்டுவிடும், நேராகத்தான் பிடிக்க வேண்டும். வலது பாதம் நீளம் 26.3, மிக அகலமான இடத்தில் குறுக்களவு 10.9. இடது பாதம் நீளம் 26.1, அகலம் 10.8. இரண்டு கால்களும் ஒரே அளவில் இருக்காது, பெரியதற்குத்தான் வாங்க வேண்டும். பிறகுதான் அகலத்துக்கும் தனி எழுத்து உண்டு என்று கற்றுக்கொண்டேன். ஆண்கள் ஷூவில் வழக்கமான அகலம் டி. அதற்கு மேல் 2இ, அதற்கும் மேல் 4இ. பெண்களுக்கு வழக்கமானது பி, அகலமானது டி. நம் ஊர்க் கடைகளில் அடுக்கியிருப்பது பெரும்பாலும் வழக்கமான அகலம் மட்டும்தான், கேட்டால் ஒரு நம்பர் ஏற்றித் தருவார்கள். நியூ பேலன்ஸ், புரூக்ஸ், ஆசிக்ஸ் போன்றவை ஒரே மாடலை இரண்டு மூன்று அகலங்களில் செய்கின்றன. எல்லா மாடலிலும் அல்ல, எல்லாம் இங்கே வருவதும் இல்லை. நான் தேடியது 2இ.

என் கால் ஏன் இப்படி என்று யோசித்தால் ஒன்றும் அதிசயம் இல்லை. காங்கேயம் பக்கத்தில் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்த்த குடும்பம். ஒன்பதாம் வகுப்பு வரை எனக்குச் செருப்பு கிடையாது. கிளுவை வேலி ஓரமாக, வெள்வேல மரத்தடியில், செம்மண்ணிலும் சரளைக்கல்லிலும் விரல் விரித்து ஓடி வளர்ந்த கால். அதற்குப் பிறகும் வருடத்தில் முக்கால்வாசி நாள் ரப்பர் செருப்புத்தான். சிறு வயதிலிருந்து மூடிய ஷூவில் வளர்ந்த கால்களை வைத்துச் செய்த அச்சில் இது எப்படி அடங்கும்? எங்கள் தாய்மாமன் தைப்பூசத்துக்குத் தாராபுரம் வழியாகப் பழனிக்கு வெறுங்காலோடு நடந்து போகிறவர். என் கதையைக் கேட்டுவிட்டு, “மாப்பிள்ளை, முருகனுக்கு நடக்கிற எங்களுக்கே செருப்பு வேண்டியதில்லை, சர்க்கரைக்கு ஓடுகிற உனக்குப் பத்தாயிரத்துக்கு ஷூவா?” என்றார். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்றதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. 1964-இல் டோக்கியோவில் அவரே ஷூ போட்டு ஓடி மறுபடியும் வென்றார் என்றதும் பேச்சை மாட்டுச் சந்தைக்கு மாற்றிவிட்டார்.

நான்காவது ஜோடியை வாங்கியது ஒரு தனிக் கூத்து. வரைந்த தாளைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, மாலை ஆறு மணிக்கு மேல், இரண்டு சனிக்கிழமை, ஐந்து கடை ஏறி இறங்கினேன். கடைக்காரர்கள் தாளைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். நான் ஷூவுக்குள்ளிருந்து இன்சோலை உருவி, தாளை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். காலை உள்ளே நுழைக்காமலேயே பாதி ஷூக்கள் அப்படியே கழிந்தன. ஷூ அலமாரியில் நேரம் மிச்சப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கடையில் 2இ கிடைக்கவில்லை. ஒரு கடையில் அதே மாடலின் வழக்கமான அகலத்தைப் போட்டு நீளத்தை மட்டும் உறுதி செய்துகொண்டு, 2இ-யை ஆன்லைனில் வரவழைத்தேன். திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்பதை முன்பே படித்துக்கொண்டேன். வந்ததும் பெட்டியை எறியாமல், அட்டையைக் கிழிக்காமல், இரண்டு நாள் வீட்டு டைல்ஸ் தரையில் மட்டும் நடந்து பார்த்தேன். வெளியே மண்ணில் ஒரு அடி வைத்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். முந்தைய வருட மாடல் என்பதால் விலை 6,200. அடிப்பாகத்தில் பெரிய மாற்றம் இல்லையென்றால் பழைய மாடலை எடுப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. ஆனால் ஒன்று, அதே பெயரில் அடுத்த வருடம் வரும் மாடல் அதே அளவில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். அச்சை மாற்றிவிடுவார்கள்.

எந்தக் கம்பெனி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சொன்னால், நான் குழுவில் கேட்டு வாங்கியதைப்போல நீங்களும் வாங்குவீர்கள், அதனால் சொல்லவில்லை. தகடு இல்லாத, நடுத்தரத் தடிமன் ஃபோம் வைத்த, தினசரிப் பயிற்சி ஷூ. அவ்வளவுதான். குதிகால் எழும்புவதற்குக்கூடப் பாதி மருந்து கயிற்றிலேயே இருக்கிறது. கணுக்காலுக்குப் பக்கத்தில் மேலே ஒரு ஓட்டை எதற்கென்றே தெரியாமல் காலியாகக் கிடக்குமே, அதில் கயிற்றை அதே பக்கம் ஒரு சிறு வளையமாகக் கோத்து, எதிர்ப்பக்கத்துக் கயிற்றை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது. இரண்டாவது ஜோடி வாங்கியபோதே இது தெரிந்திருக்கலாம்.

துவைப்பதும் காய வைப்பதும் வீட்டில் சண்டை மூட்டும் விஷயம். வாஷிங் மெஷினில் போடக் கூடாது, மொட்டை மாடி வெயிலிலும் வைக்கக் கூடாது. சூட்டில் பசை விடும், ஃபோம் கெடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைத்தால் போதும். முதல் நாள் ஓடிய தேதியை ஷூ நாக்கின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். பயிற்சி ஷூ பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை வரும் என்பார்கள். என்னைப்போல எடை கூடியவர்களுக்கு 500 பக்கத்திலேயே ஃபோம் செத்துவிடுகிறது. மேலே புதிதாகத் தெரிந்தாலும் ஓடி முடித்ததும் முழங்கால் அதைச் சொல்லிவிடும். லக்ஸம்பர்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் 39 சதவீதம் குறைவாக இருந்ததாம். இதை ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் நோட்டை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார்.

இப்போது அந்த ஷூ 412 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சுண்டுவிரல் படும் இடத்தில் வலைத்துணி அப்படியே இருக்கிறது. குதிகால் வலி திரும்பவில்லை, வாரத்துக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாமல் இருக்கிறேன். விழுந்த நகங்களில் ஒன்று கோணலாகத்தான் முளைத்திருக்கிறது.

போன மாதம் ஊருக்குப் போனபோது மாமனையும் தாளில் நிற்க வைத்து வரைந்தேன். கூச்சப்பட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். அகலம் 11.9. அட்டவணையை எடுத்து 4இ வரிசையில் விரலை ஓட்டினேன், அவர் நீளத்துக்கு அந்த அகலம் அதிலும் இல்லை. “இல்லையா?” என்று கேட்டார். இல்லை மாமா என்றேன். மிகவும் திருப்தியாகத் தெரிந்தார்.